உன் ஆளுக்குத் தெரியாது

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ சாப்பிடாமல் பையைத் தூக்கிக்கொண்டு விருத்தாசலம் பஸ் ஏறியதிலிருந்து என் மண்டை குழம்பிக் கிடக்கிறது. ஃபோனில் பேசலாம் என்றால், நான் வாயைத் திறந்ததும் உனக்கு ஏதாவது மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். எழுதினால் நடுவில் நீ குறுக்கே பேச முடியாது, அது ஒரு வசதி. நீ என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "உனக்கு எப்படிம்மா தெரியும்?" அதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பதிலைச் சொன்னால் இன்னும் நாலு கேள்வி வரும், அதற்கெல்லாம் என்னிடம் பதில் இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை.

நடந்ததை நீயும் பார்த்தாய். இருந்தாலும் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். ஆக்னஸோடு அவள் அப்பாவும் அம்மாவும் வரதராஜன்பேட்டையிலிருந்து முதல் தடவையாக நம் வீட்டுக்கு வந்தார்கள். ஆவணியில் கல்யாணம், அவர்கள் மாதா கோயிலில் ஒரு பூசை, ஜெயங்கொண்டத்தில் நம் பக்கத்துக்கு ஒரு விருந்து என்று பேச்சு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் அப்பா ஹெட்மாஸ்டர் என்றாலும் விறைப்பு இல்லாமல் பேசினார். எனக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதுதான் வினை. பிடித்தவர்களுக்கு ஏதாவது பார்த்துப் பார்த்துச் செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. உங்கப்பா டீ டம்ளர்களைத் தட்டில் எடுத்து வந்ததும், "அந்த ஓரத்து டம்ளரை சாருக்குக் குடுங்க. அதுல சர்க்கரை போடலை" என்றேன்.

உங்கப்பா நீட்டிய டம்ளர் அப்படியே நின்றது. ஆக்னஸின் அம்மா சிரித்துக்கொண்டே, "அவருக்கு எதுக்குங்க சர்க்கரை இல்லாம? வூட்டுல ரெண்டு ஸ்பூன் போட்டாத்தான் மனுஷன் டீன்னே ஒத்துக்குவாரு" என்றார். அங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். ஆக்னஸ் என்னைப் பார்த்து, "அத்தை, எங்கப்பாவுக்கு சுகர்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டாள். அவள் என்னை அத்தை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் நான் கேட்டேன் பார், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "ஏம்மா, உனக்குத் தெரியாதா?"

தெரியாது. பெற்ற மகளுக்கும் தெரியாது, கட்டின மனைவிக்கும் தெரியாது. அவர் அந்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "கிளம்பலாமா" என்றார். வாசலில் ஆக்னஸ் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை நாளாப்பா?" என்று கேட்டதும், அவர் காரில் ஏறிக்கொண்டதும், தேதி குறிக்காமலே எல்லாரும் போனதும் உனக்குத் தெரியும். நீயும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பினாய். உங்கப்பா மட்டும் டம்ளர்களைக் கழுவி வைத்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

எப்படித் தெரியும் என்றால், விசாரித்தேன். வேறு எப்படி? பெண் எடுக்கிற வீட்டை விசாரிக்காமல் எந்த அம்மா இருப்பாள்? பஜாரில் மெடிக்கல் வைத்திருக்கும் உன் மாமனிடம் சாதாரணமாகத்தான் பேச்சுக் கொடுத்தேன். "அந்த சாரா? தங்கமான மனுஷன்க்கா. மாசா மாசம் நம்ம கடையிலதான் சுகர் மாத்திரை வாங்கிட்டுப் போறாரு" என்றான். நானும் சந்தோஷமாகக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டேன். வரதராஜன்பேட்டையில் மெடிக்கலே இல்லையா, மாத்திரை வாங்க மனிதர் ஏன் பஸ் ஏறி ஜெயங்கொண்டம் வருகிறார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? ஊரில் வாங்கினால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்றுதான் இங்கே வருகிறார். இத்தனை வருஷம் முந்திரி வியாபாரம் பார்த்தவள், ஆளைப் பார்த்ததும் எடை போடுகிறவள் என்று பேர் வாங்கியவள், இந்த ஒன்றைக் கோட்டை விட்டேன்.

என் தொழில் உனக்குத் தெரியும். தோப்பு பூ எடுக்கும்போதே குத்தகை பேசியாக வேண்டும். காய்ப்பதற்கு முன்னால் விலை. தோப்புக்காரர் எதிரே போய் உட்காருவதற்குள், மருந்து அடித்தாரா, வேறு வியாபாரி யாராவது வந்து பார்த்தாரா, வீட்டில் அவசரம் ஏதும் உண்டா என்று எல்லாம் எனக்குத் தெரிந்திருக்கும். அவரும் என்னைப் பற்றி அதே மாதிரி விசாரித்திருப்பார். இரண்டு பேரும் ஒன்றுமே தெரியாத முகத்தோடு மோர் குடித்துக்கொண்டு, மழையைப் பற்றிப் பேசுவோம். தெரிந்துகொள்ளாமல் போனவள் தோற்றாள், அவ்வளவுதான் நான் படித்த பாடம். அதனால்தான் பொங்கலுக்கு நீங்கள் எல்லாம் வந்து விளையாடிய விளையாட்டு எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் முழுசாகப் புரியவில்லை. ஆனால் நாலு நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நான் பயந்துபோனேன் என்பதை உன்னிடம் சொன்னதில்லை. சமையலறையில் கரும்பு வெட்டிக்கொண்டிருக்கிறேன், ஹாலில் யாரோ, "முதல்ல அவளை முடிச்சிடு, அப்புறம் மத்தவனுங்களைப் பார்த்துக்கலாம்" என்கிறான். கத்தியோடு ஓடி வந்தால், நீயும் உன் ஆபீஸ் நண்பர்களும் தரையில் காகிதத்தையும் இருபது முகம் வைத்த தாயக்கட்டையையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நீ கதை நடத்துகிறவனாம். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொண்டு கதைக்குள் போகிறவர்களாம். போர்டு கிடையாது, ஜெயிப்பது தோற்பது கிடையாது, வாயால் சொல்லுவதுதான் விளையாட்டு. சம்பளம் வாங்குகிற பிள்ளைகள் இப்படி உட்கார்ந்து கதை பேசுகிறீர்களே என்று சிரிப்பு வந்தது. உன் நண்பன் ஒருவன் அரும்பாவூரிலிருந்து வர முடியாமல் போனதால், ஆக்னஸ்தான் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "ஆன்ட்டி, நீங்க கோடாலிக்காரியா வாங்க." அப்போது அவள் உன் தோழி என்று மட்டும்தான் எனக்குச் சொல்லியிருந்தாய். நானும் நம்பின மாதிரி இருந்தேன்.

கோட்டைக் கதை. ரஞ்சன்குடிக் கோட்டையைத்தான் நீ மனதில் வைத்து வரைந்திருந்தாய், அந்த மேல்மதில் எனக்கு அடையாளம் தெரிந்தது. கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு சத்திரம், சத்திரக்காரன் எங்களுக்கு இடம் கொடுக்கிறான். நான் முறுக்குத் தட்டை உன் பக்கம் வைக்க வந்தபோது, நீ மறைப்புக்கு நிறுத்தி வைத்திருந்த புடவைப் பெட்டி அட்டைக்குப் பின்னால் ஒரு காகிதம் இருந்தது. சத்திரக்காரன் கோட்டைத் தலைவனின் ஒற்றன், ராத்திரி கதவைத் திறந்துவிடுவான் என்று எழுதியிருந்தது. பார்த்துவிட்டேன். கண் இருக்கிறது, பார்த்துவிட்டது. என் முறை வந்ததும், "நான் அந்த சத்திரக்காரனை வெட்டறேன்" என்றேன்.

எல்லாரும் கத்தினீர்கள். நீ தலையில் கை வைத்துக்கொண்டு, "அம்மா, அது உனக்குத் தெரியும். உன் ஆளுக்குத் தெரியாது" என்றாய். என் ஆளுக்கு என்ன தனி மண்டையா இருக்கிறது, என் மண்டைதானே என்று நான் கேட்டேன். தெரிந்த ஒன்றைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ள நான் என்ன வங்கி லாக்கரா? நீ ஏதேதோ விளக்கினாய். ஆக்னஸ்தான் சாந்தமாக, "ஆன்ட்டி, அந்த ஆளு இன்னும் ஒரு தப்பும் பண்ணலையே. சோறுதான் போட்டிருக்கான்" என்றாள். சரி என்று கோடாலியை இறக்கினேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அவன் கதவைத் திறந்துவிட்ட பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்?

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கோட்டைக்குள் சண்டை ஆரம்பித்தது. ஆக்னஸ், மூட்டை தூக்குகிறவள் மாதிரி உள்ளே வந்திருந்த நெருப்பு மந்திரக்காரி. நீ நடத்துகிற கோட்டைத் தலைவன் இத்தனை பேர் நிற்கும்போது வேறு யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் நேராக ஆக்னஸை நோக்கி ஓடி வந்தான். அவள் விடுவாளா? "நில்லு. என்கிட்ட நெருப்பு இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? நான் இன்னும் கையையே தூக்கலையே. அவன் கண்ணுக்கு நான் மூட்டை தூக்கற பொண்ணு" என்றாள். நீ முழித்தாய். அவன் அனுபவசாலி, நிற்கிற விதத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பான் என்று மழுப்பினாய். "அது உனக்குத் தெரியும்டா. உன் ஆளுக்குத் தெரியாது" என்று அவள் உன் வசனத்தையே உன்னிடம் திருப்பினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். விதி சொன்ன பிள்ளையே விதியை மீறினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? நீ தலைவனைப் பின்னால் இழுத்துக்கொண்டாய். அவள் ஒரு தடவை நெருப்பை வீசினாள். அப்புறம் அவன் தூணுக்குப் பின்னால் பதுங்கினான். ஆக்னஸ் கை தட்டி, "இது சரி. இப்ப அவன் பார்த்துட்டான்" என்றாள். தனக்கு எதிராகப் போகிற ஒன்றுக்குக் கை தட்டுகிற பெண்ணை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பிடித்த உடனே என்ன செய்தேன்? மறுநாளே அவள் வீட்டை விசாரிக்கப் போய்விட்டேன்.

இங்கேதான் எனக்குக் குழப்பம். நான் கேட்டது தப்பா, தெரிந்துகொண்டது தப்பா, தெரிந்ததை வைத்து நல்லது செய்தது தப்பா? சர்க்கரை உள்ள மனிதருக்குச் சர்க்கரை போட்ட டீயைத் தெரிந்தே கொடுக்கச் சொல்கிறாயா? கொடுக்காமல் இருந்தால் அவர் ஒளித்து வைத்தது வெளியே வருகிறது. கொடுத்தால் அவர் உடம்புக்கு ஆகாது. இதைக் கேட்டால் உங்கப்பா, "காபி, டீ எதுவும் வேணாம், மோர் குடுத்திருக்கலாம்" என்கிறார். எல்லாம் முடிந்த பிறகு யோசனை சொல்ல அவரை விட்டால் ஆள் இல்லை.

புதன்கிழமை நான் மட்டும் டவுன் பஸ் ஏறி வரதராஜன்பேட்டைக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்பாய். வீட்டில் அவர் மட்டும் இருந்தார். அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே தங்கை வீட்டுக்குப் போனவர் இன்னும் வரவில்லையாம். ஆக்னஸ் சென்னையிலிருந்து அவர் ஃபோனை எடுப்பதில்லையாம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் கேட்டார். "வேற என்னங்கம்மா தெரியும் எங்களைப் பத்தி?"

சொன்னேன். தெரிந்ததை எல்லாம் வரிசையாக ஒப்பித்தேன். அவர் தம்பியோடு பேச்சு இல்லை என்பது, வீட்டின் மேல்தளம் பாதியில் நிற்பது, ஆக்னஸுக்கு முன்னால் வந்த இரண்டு வரன்கள், எல்லாம். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். கடைசியில் இன்னொன்றையும் சொன்னேன். அதுவும் அவர் உடம்பு சம்பந்தப்பட்டதுதான், அதே மெடிக்கலில் கிடைத்ததுதான். அது என்ன என்று உனக்கும் எழுத மாட்டேன். அதைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. வைத்தியம் நடக்கிறது, உயிருக்கு ஒன்றும் இல்லை என்று அவரிடமே இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். "பொண்ணு கல்யாணத்தைத் தள்ளி வெச்சுடும்னு பயந்துதாங்க மறைச்சேன். வேலையையும் விட்டுட்டு இங்க வந்து உக்காந்துடும். அதோட குணம் அப்படி" என்றார். அப்புறம், "முதல் விஷயத்தை நான் சொல்றதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க. இதையாவது என் வாயால சொல்ல விடுங்க. அடுத்த வாரம் லீவுக்கு வரும்ல, அப்ப உக்கார வெச்சு சொல்லிடறேன்" என்றார்.

அந்த மனிதர் என் முன்னால் கையைக் கூப்பவில்லை, கண் கலங்கவில்லை. ஆனால் ஒரு ஹெட்மாஸ்டர் என்னிடம் அனுமதி கேட்கிற மாதிரி கேட்டார், அவர் சொந்த மகளிடம் பேசுவதற்கு. எனக்கு வெட்கமாக இருந்தது தம்பி. சத்தியமாக வெட்கமாக இருந்தது. சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் சொல்லி முடிக்கிற வரை இந்தக் கடிதத்தை ஆக்னஸ் கண்ணில் காட்டாதே. அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். கல்யாணம் பேசுகிற வீட்டு அம்மாக்கள் அவசியம் படிக்கட்டும்.

பஸ்ஸில் வரும்போது உங்கப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். உனக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தவள், அதற்கும் அவரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. நாங்கள் போடாத சண்டையா? எனக்கு எங்கே வலிக்கும் என்று அவருக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். என் அண்ணன் என்னைக் கடைசி வரை வீட்டுக்குக் கூப்பிடாமலே போனது, நான் பத்தாவதில் கணக்கில் ஃபெயிலாகிப் போனது, இடி இடித்தால் நான் கட்டிலில் காலை இழுத்துக்கொண்டு சுருண்டுகொள்வது, எல்லாம் தெரியும். எத்தனையோ சண்டையில் நான் அவரைப் பேசாத பேச்சு இல்லை. அவர் ஒரு நாளும் அந்த வலிக்கிற விஷயங்களில் ஒன்றைக்கூட எடுத்ததில்லை. இவருக்குச் சண்டை போடவே தெரியவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், தெரிந்தும் எடுக்காமல் வைத்திருந்தாரோ என்று தோன்றுகிறது. கேட்டுப் பார்த்தேன். "எது? உங்கண்ணன் விஷயமா? எனக்கு ஞாபகமே இல்லையே" என்கிறார். உண்மையாகவே மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருக்கிறாரா, எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் தெரியவில்லை என்றால் பார்.

நீ ஆக்னஸோடு வாழப் போகிறாய். ஒரு வருஷத்தில் அவளைப் பற்றி எனக்குத் தெரியாத ஆயிரம் உனக்குத் தெரிந்துவிடும். எதைச் சொன்னால் அவள் அழுவாள், எதைச் சொன்னால் பேசாமல் எழுந்து போவாள் என்று தெரிந்துவிடும். தெரிந்ததால் மட்டும் எடுத்துவிடாதே. அவள் உன் முன்னால் கை தூக்கிக் காட்டியதை மட்டும் வைத்துச் சண்டை போடு. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். தகுதி இல்லைதான். ஆனால் விசாரிக்காமல் இருந்திருந்தால் நல்ல அம்மாவா என்று கேட்டால், அதற்கும் என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. நாளைக்கு உன் மகளுக்கு ஒரு வரன் வந்தால் நீ விசாரிக்காமல் இருப்பாயா? இருந்தால் நானே உன்னைத் திட்டுவேன்.

நேற்று மத்தியானம் ஆக்னஸ் எனக்கு ஃபோன் பண்ணினாள். திட்டத்தான் போகிறாள், கல்யாணம் வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்தேன். களத்தில் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது, ஒரு பக்கம் அடுப்பில் வறுபட்டுக்கொண்டிருந்தது, வேலை செய்கிற பெண்கள் எதிரே இருந்தார்கள். நான் எழுந்து ஷெட்டுக்குப் பின்னால் போனேன்.

"அத்தை, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும்" என்றாள்.

"கேளும்மா."

"அப்பா என்கிட்ட இன்னும் ஏதோ மறைக்கிறாரு. குரல்லயே தெரியுது. நேத்து ஃபோன் எடுத்துப் பேசினேன், ஏதோ சொல்ல வந்து நிறுத்திட்டாரு. உங்களுக்கு வேற ஏதாவது தெரியுமா?"

தம்பி, என் ஆயுசில் இதுவரை யாரும் கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதிலை நான் மறைத்ததில்லை. வியாபாரத்தில் வாயை மூடிக்கொள்வேன், அது வேறு. நேராகக் கேட்டால் சொல்லிவிடுவேன். அதுவும் கேட்பது பெற்ற மகள். தெரிந்துகொள்ள அவளைவிட உரிமை உள்ளவர் யார்? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த மனிதரின் முகமும் கண் முன்னால் வந்தது.

"தெரியாதும்மா" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "அப்பாகிட்டயே கேளு. சொல்லுவாரு."

வைத்துவிட்டாளோ என்று இரண்டு தடவை ஹலோ ஹலோ என்றேன். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"ரொம்ப தேங்க்ஸ் அத்தை" என்றாள்.

"எதுக்கும்மா தேங்க்ஸ்? நான்தான் ஒண்ணுமே சொல்லலையே."

"எங்கப்பாவுக்காக ஒரு பொய் சொன்னீங்கள்ல. அதுக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்திரிக்கொட்டைப் புகைதான் கண்ணில் பட்டது என்று பெண்களிடம் சொல்லிச் சமாளித்தேன். நான் செய்தது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. உன்னிடமும் கேட்கப் போவதில்லை. அவள் அடுத்த வாரம் வந்து அப்பாவிடம் பேசிவிட்டு, இங்கே வருகிறாளாம். கும்பகோணம் போய்ப் புடவை எடுக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். உன்னைக் கூப்பிட்டாளா என்று நான் கேட்கவில்லை.

அம்மா